கோரிமேடு வெள்ளிக்கிழமை வேலைவாய்ப்பு முகாம்: மகனோடு மூன்று முறை போய்வந்த அனுபவம்

சேலம் கோரிமேட்டில், ஏற்காடு போகிற ரோட்டில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறது. அங்கே வெள்ளிக்கிழமைகளில் தனியார் கம்பெனிக்காரர்களை வரவழைத்து வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறார்கள். கட்டணம் ஒரு பைசா கிடையாது. என் பெரிய மகனைக் கூட்டிக்கொண்டு மூன்று முறை போனேன். மூன்றாவது முறை வேலை கிடைத்தது. அவன் சேர்ந்து நான்கு மாதம் முடிந்துவிட்டது. வேலை கிடைத்த அன்றே எழுதியிருக்கலாம். ஆனால் சேர்கிறபோது சொன்ன சொல்லைக் கம்பெனி காப்பாற்றுகிறதா என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

முதலில் எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் சம்பளத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் இவ்வளவு கேட்டேன் என்று புரியாது.

வீடு சிவதாபுரத்தில். வீட்டுக்காரர் இருபத்தைந்து வருஷமாகக் கொலுசுப் பட்டறை வேலை பார்க்கிறார். முதலாளி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார், கொலுசாக எடை போட்டு வாங்கிக்கொள்வார், கூலி கிலோ கணக்கு. நானும் வீட்டிலிருந்தபடியே வளையம் கோர்ப்பேன், சலங்கை மாட்டுவேன். செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, மணியனூர், கொண்டலாம்பட்டி என்று சேலத்தைச் சுற்றி எங்களைப் போல எத்தனையோ குடும்பங்கள். வெள்ளி விலை கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டி மேலே போனபோது, "உங்களுக்கு இப்ப நல்ல காலம்தானே" என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். எங்கள் கூலி வெள்ளி விலையோடு சேர்ந்து ஏறாது. விலை ஏறினால் கடைக்காரர் சரக்கு எடுப்பதைக் குறைப்பார். கனமான கொலுசு கேட்டவர்கள் மெல்லிய கொலுசு கேட்பார்கள். செய்கிற கிலோ குறைந்தால் கூலி குறையும், அவ்வளவுதான். வாரத்தில் ஆறு நாள் இருந்த வேலை எங்களுக்கு மூன்று நாளாக ஆனது.

இவ்வளவு வருஷம் உழைத்தவர் வீட்டுக்குத் தளம் போட ஒரு லட்சம் கடன் கேட்டுப் போனார். வருமானத்துக்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். எதைக் காட்டுவார்? முதலாளியின் சிட்டை நோட்டில் பென்சிலால் எழுதிய எடைக் கணக்குதான் இருக்கிறது. கடைசியில் வாரத்துக்கு வாரம் கட்டுகிற குழுக் கடன்தான் வாங்கினோம். அந்த வட்டி எங்களை எப்படி அலைக்கழித்தது என்று எழுத ஆரம்பித்தால் அது வேறு கதை. அன்றைக்கு ஒன்றை முடிவு செய்தேன். என் மகன் எவ்வளவு சம்பாதித்தாலும் சரி, அதற்கு ஒரு காகிதம் இருக்க வேண்டும்.

சேலத்தில் வேலையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பட்டறை, தறி, லேத், சங்ககிரிப் பக்கம் லாரி, ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி மில் என்று எங்கேயாவது ஆள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். காகிதம் கொடுக்கிற வேலைதான் குறைவு. என் மாமனார் வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தார். வெள்ளைக்கல் என்று நாங்கள் சொல்வது மேக்னசைட். எஃகு உருக்குகிற உலைக்குள்ளே அடுக்கும் செங்கல்லுக்கு அதுதான் மூலப்பொருள். பெரியப்பா இரும்பாலையில் இருந்தார். 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டி, 1981இல் உற்பத்தி தொடங்கிய ஆலை. நாம் கையில் வைத்திருக்கும் நாணயத்துக்கான வில்லைகூட அங்கே செய்ததாக இருக்கலாம் என்று அவர் பெருமையாகச் சொல்வார். அவர்களுக்குச் சம்பள ரசீது இருந்தது, வருங்கால வைப்பு நிதி என்கிற பி.எஃப். இருந்தது. பெரியப்பா ஓய்வு பெற்ற பணத்தில்தான் இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தார். 2019இல் இரும்பாலையைத் தனியாருக்குக் கொடுக்க விண்ணப்பம் கேட்டபோது தொழிலாளர்கள் குடும்பத்தோடு தெருவில் உட்கார்ந்தது எங்கள் பக்கம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மாதிரி வேலையை இனி எங்கள் பிள்ளைகள் பார்ப்பார்களா என்ற பயம் அப்போது வந்தது. இன்னும் போகவில்லை.

பெரியவனைப் பட்டறையில் உட்கார வைக்க எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை. வெள்ளியைப் பற்றவைக்கப் பொடி வைத்து நெருப்பை ஊதி ஊதி அவன் அப்பாவுக்குக் கண்ணும் மூச்சும் என்ன ஆயிற்று என்று தினமும் பார்க்கிறேன். பத்தாவது முடித்ததும் கோரிமேடு அரசு ஐ.டி.ஐ.யில் பிட்டர் டிரேடில் சேர்த்தோம். இரண்டு வருஷப் படிப்பு. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ், சீருடை எல்லாம் கொடுத்தார்கள். நன்றாகப் படித்தான். ரம்பத்தை வைத்து அறுத்து, அரத்தை வைத்து ராவி, இரண்டு இரும்புத் துண்டை ஒன்றோடொன்று வெளிச்சம் தெரியாமல் பொருத்தி வீட்டுக்குக் கொண்டு வந்து காட்டினான். அவன் அப்பா அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அலமாரியில் வைத்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

படிப்பு முடிந்த பிறகு நாங்கள் பட்ட பாட்டில் இரண்டை மட்டும் சொல்கிறேன், மற்றவர்கள் ஏமாறாமல் இருக்கட்டும் என்று. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மாடியில் இருந்த ஒரு ஏஜென்சியில் பதிவுக் கட்டணம் என்று 3,000 ரூபாய் கட்டினோம். பிட்டர் வேலை என்று சொல்லி அனுப்பியது ஒரு குடோனுக்கு, பெட்டி தூக்க. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது வேலை வாங்கிக் கொடுத்துவிட்டோமே என்றார்கள். அப்புறம் ஒரு பெரிய வேலைவாய்ப்பு மேளா. பெரிய வளாகம், அத்தனை கூட்டம். காலையிலிருந்து வரிசையில் நின்று மத்தியானம் ஒரு மேஜைக்குப் போனால் பயோடேட்டாவை வாங்கி அடுக்கின் மேல் வைத்துவிட்டு "கூப்பிடுறோம் தம்பி" என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. ஒரு மாதம் அவன் வீட்டில் முகம் கொடுத்துப் பேசவே இல்லை.

கோரிமேடு முகாமைப் பற்றிச் சொன்னது எங்கள் தெருவில் தையல் மிஷின் வைத்திருக்கும் அக்கா. எல்லா வெள்ளிக்கிழமையும் நடக்கும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். எந்த வெள்ளிக்கிழமை, எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே பேப்பரில் போடுகிறார்கள், அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளலாம். பழைய பஸ் ஸ்டாண்டு வந்து, அங்கிருந்து அஸ்தம்பட்டி வழியாக ஏற்காடு ரோட்டில் போகிற டவுன் பஸ் பிடித்தால் கோரிமேடு. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் எனக்குப் போகவர செலவே இல்லை. இறங்கி நிமிர்ந்தால் எதிரே சேர்வராயன் மலை. ஒரிஜினல் சான்றிதழ்கள், எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று செட் ஜெராக்ஸ், ஆதார், பாஸ்போர்ட் அளவு போட்டோ, பயோடேட்டா இவ்வளவும் வேண்டும். ஜெராக்ஸை அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், நேரம் போய்விடும். ஒன்பதரைக்கே போய்விடுவது நல்லது.

இன்னொன்று, நிறையப் பேருக்கு இருக்கிற பயம். எனக்கும் இருந்தது. தனியார் வேலையில் சேர்ந்தால் அரசு வேலைக்குப் பதிந்து வைத்த பதிவு போய்விடுமா? போகாது. பதிவு மூப்பு அப்படியே இருக்கும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், அதை மட்டும் மறக்கக் கூடாது.

முதல் முறை போனபோது எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லா மேஜையிலும் கேட்டோம். ஃபைனான்ஸ் கம்பெனியில் வசூல் வேலை, ஜவுளிக் கடையில் சேல்ஸ், செக்யூரிட்டி, ஆஸ்பத்திரியில் வேலை என்று பல மாதிரி. பிட்டர் கேட்டு வந்தது ஒரே ஒரு மேஜை, அவர்கள் முன் அனுபவம் வேண்டும் என்றார்கள். திரும்பும்போது பஸ்ஸில் அவன், "அம்மா, அனுபவம் இல்லாதவனுக்கு வேலை குடுத்தாதானே அனுபவம் வரும்" என்றான். என்னிடம் பதில் இல்லை. ஆனால் அன்று ஒரு நல்லது நடந்தது. அங்கே பணியில் இருந்த ஒரு மேடம் எங்களைக் கூப்பிட்டு, பயோடேட்டாவைப் பார்த்துவிட்டு, "பெயர், விலாசம், அப்பா பெயர்தான் இருக்கு. இவனுக்கு என்னென்ன மிஷின் ஓட்டத் தெரியும், என்ன அளவெடுக்கத் தெரியும்னு ஒண்ணுமே இல்லையே" என்றார். வீட்டுக்கு வந்து மறுபடி எழுதினோம். மேஜையில் வைத்துக் கையால் செய்கிற பெஞ்ச் வேலை, துளை போடுதல், மரை வெட்டுதல், லேத்தில் அடிப்படை வேலை, வெர்னியர், மைக்ரோமீட்டர் என்று அவனுக்குத் தெரிந்ததையெல்லாம் வரிசையாகப் போட்டோம். அந்த ஒரு பேச்சுக்கே அங்கே போனது தகும்.

இரண்டாவது முறை ஓசூரிலிருந்து ஆள் எடுக்க வந்திருந்தார்கள். வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனி. மாதம் 17,500 என்றதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. கூடப் படித்த இரண்டு பேர் அங்கேயே பெயர் கொடுத்துவிட்டார்கள். நான் ஒரு நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டு போயிருந்தேன். முதல் கேள்வி, கம்பெனியே நேரடியாக எடுக்கிற கம்பெனி ரோலா, இடையில் ஒருவர் மூலம் எடுக்கிற கான்ட்ராக்டர் ரோலா? கான்ட்ராக்டர் ரோல், பதினோரு மாதம். அதற்குப் பிறகு? "பார்க்கலாம்மா, நல்லா வேலை செஞ்சா ரெனியூ பண்ணுவாங்க." கையில் எவ்வளவு வரும்? அடிப்படைச் சம்பளம் 12,000. அதில் பன்னிரண்டு சதவீதம் பி.எஃப். 1,440. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு 132. ஹாஸ்டல் 2,500. கேன்டீன் 1,000. மீதி 12,428. மாதம் இரண்டு முறை ஊருக்கு வந்து போக, சோப்பு, போன், ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு எல்லாம் 1,500 என்று வைத்தால் 10,900 சொச்சம். அங்கே நின்றபடியே கூட்டிக் கழித்தேன். வந்திருந்தவர் நல்ல மனுஷன், எரிச்சல் படாமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டு வாரத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்றார்.

ஓசூரை நான் குறை சொல்லவில்லை. கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் வேலை பெருகியிருப்பது உண்மை. எங்கள் தெருவிலிருந்தே இரண்டு பெண்கள் கைபேசி உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலையில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறார்கள், வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள், அவர்கள் நடையிலேயே ஒரு தைரியம் வந்திருக்கிறது. சேலத்துப் பிள்ளைகள் போகாவிட்டால் அந்த வேலைக்கு வேறு ஊர்க்காரர்கள் வரத்தான் போகிறார்கள். 17,500 என்ற எண்ணைக் கேட்டதும் தலையாட்டிவிடாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

அன்றைக்கே அந்த மேடம் அப்ரண்டிஸ் பற்றியும் சொன்னார். ஐ.டி.ஐ. முடித்தவர்கள் 1961ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டப்படி ஒரு கம்பெனியில் பயிற்சி எடுக்கலாம். உதவித்தொகை உண்டு, முடித்துத் தேர்வு எழுதினால் தேசிய அளவில் செல்லும் சான்றிதழ் வரும். ஆனால் பயிற்சி கொடுத்த கம்பெனி வேலையும் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, அவர் சொன்னார். ரயில்வேயில் அப்ரண்டிஸ் அறிவிப்பு வரும்போது எப்படி விண்ணப்பிப்பது என்றும் காட்டிக் கொடுத்தார். சேலம் கோட்டம் இங்கே சூரமங்கலத்திலேயே இருப்பதால் அது அவன் மனதில் ஆசையாக நிற்கிறது. அடுத்த அறிவிப்புக்கு விண்ணப்பம் போடுவான்.

மூன்றாவது முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சேலத்திலேயே தொழிற்பேட்டையில் இருக்கிற ஒரு சின்னக் கம்பெனி வந்திருந்தது. முப்பது பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். மில் மிஷின்களுக்குப் பாகம் கடைந்து கொடுக்கிறார்கள். மேஜையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். விரல் நுனிகளில் கிரீஸ் கறை. பார்த்ததுமே இவர் ஆபீஸ் ஆள் இல்லை, மிஷினில் நின்றவர் என்று எனக்குத் தெரிந்தது, என் வீட்டுக்காரர் விரலையும் நான் அப்படித்தானே பார்க்கிறேன். பயோடேட்டாவைப் படித்தார். பையிலிருந்து ஒரு இரும்பு உருளையையும் வெர்னியர் காலிபரையும் எடுத்து மேஜையில் வைத்தார். "அளந்து சொல்லு தம்பி" என்றார்.

அவன் கை நடுங்கியதைப் பார்த்தேன். உருளையைக் கைக்குட்டையால் துடைத்தான். காலிபரின் தாடையை மூடி, பூஜ்யம் பூஜ்யத்தோடு சேர்கிறதா என்று முதலில் பார்த்தான். அப்புறம்தான் உருளையைப் பிடித்தான். ஒரு இடத்தில் அளந்து, திருப்பிப் பிடித்து இன்னொரு இடத்திலும் அளந்தான். "இருபத்தஞ்சு புள்ளி மூணு நாலு சார். இந்தப் பக்கம் புள்ளி மூணு ரெண்டு வருது" என்றான். அந்த அளவுகோலில் ஒரு கோடு என்பது 0.02 மில்லிமீட்டர் என்று பிறகு எனக்குச் சொன்னான். அவர் சிரித்துவிட்டார். "அது தேய்ஞ்ச பீஸ்தான். நிறைய பேர் துடைக்காமலே அளப்பாங்க. துடைக்கச் சொல்லிக் குடுத்தது யாரு?" என்றார். ஐ.டி.ஐ.யில் என்று சொல்வான் என நினைத்தேன். "எங்கப்பா சார், கொலுசு வேலை. எடை போடறதுக்கு முன்னாடி தராசைத் துடைப்பாரு" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பக்கத்து மேஜையைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

சம்பளம் 11,500 என்றார். ஆறு மாதம் பெஞ்சில், அதற்கப்புறம் கம்ப்யூட்டரில் ஓடுகிற சி.என்.சி. மிஷினில் பழக்குவார்கள். என் நோட்டை எடுத்தேன். பி.எஃப்., இ.எஸ்.ஐ.? மூன்று மாதம் கழித்துப் பிடிப்போம் என்றார். நான் தயங்கினேன். உண்டா இல்லையா என்று கேட்கத் தெரிந்த எனக்கு, எப்போதிலிருந்து என்பதில் பேசத் தெரியவில்லை. அந்த மேடம்தான் பக்கத்தில் வந்து, "சேர்ந்த நாள்லேருந்தே பிடிக்கணும் சார், சட்டம் அப்படித்தான். பதினைந்தாயிரத்துக்குள்ள சம்பளம்னா கட்டாயம்" என்று தன்மையாகச் சொன்னார். அவர் யோசித்துவிட்டு, பாதியில் நின்றுவிடுகிற பையன்களால்தான் அப்படி வைத்திருக்கிறோம், சரி, முதல் மாதத்திலிருந்தே போட்டுவிடுகிறேன் என்றார். அந்த இடத்தில் ஒரு அரசாங்க ஆள் நின்றதால் கிடைத்த வார்த்தை அது. தனியாக நானும் என் பையனும் அவர் கம்பெனி வாசலுக்குப் போயிருந்தால் கேட்டிருக்கவே மாட்டோம்.

இங்கேயும் கணக்குப் போட்டேன். 11,500இல் பி.எஃப். 1,380, இ.எஸ்.ஐ. 87 போனால் 10,033. ஐ.டி.ஐ.யில் கொடுத்த சைக்கிளிலேயே போய்விடலாம், சாப்பாடு வீட்டிலிருந்து. ஓசூருக்கும் இதற்கும் மாதம் தொள்ளாயிரம் ரூபாய்கூட வித்தியாசம் வரவில்லை. தொழில் கற்றுக்கொள்கிற இடமும் இதுதான். ஆனால் முடிவை அவனிடமே விட்டேன். இரண்டு நாள் யோசித்தான். நண்பர்கள் போகிறார்களே என்று ஏக்கம் இருந்தது, மறைக்கவில்லை. பிறகு, "சி.என்.சி. கத்துக்கிட்டு அப்புறம் வேணும்னா ஓசூர் போறேன்மா, அப்ப இந்தச் சம்பளத்துக்குப் போக மாட்டேன்" என்றான்.

இ.எஸ்.ஐ. ஏன் எனக்கு அவ்வளவு முக்கியம் என்றால், அதில் வருமானம் குறைந்த பெற்றோருக்கும் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது உண்டு, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடமாக இருக்க வேண்டும். பி.எஃப்.புக்கு இருபது பேர். பட்டறைகளில் நான்கு பேர், ஐந்து பேர் உட்காருகிறோம், அதனால் எங்களுக்கு இரண்டுமே இல்லாமல் போயிற்று. இருபத்தைந்து வருஷம் கழித்து மகன் பெயரில் வீட்டுக்காரருடைய மூச்சுக்கு மருந்து வாங்குகிறோம்.

யார் போகலாம் என்று என்னைக் கேட்டால்: ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்கள் கண்டிப்பாகப் போகலாம். ஒரு முறையோடு விடாமல் மூன்று நான்கு முறை போக வேண்டும், வருகிற கம்பெனிகள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு. ஆர்ட்ஸ் டிகிரி படித்த பிள்ளைகளுக்கு நான் பார்த்தவரையில் விற்பனை, வசூல், போனில் பேசுகிற வேலை இவைதான் அதிகம். டார்கெட் எவ்வளவு, அது எட்டாவிட்டால் சம்பளம் குறையுமா என்று கேட்டுக்கொண்டு சேருங்கள். அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு அதே அலுவலகத்தில் தன்னார்வ பயிலும் வட்டம் என்று இலவச வகுப்பு இருக்கிறது, அதையும் விசாரியுங்கள். நாற்பது தாண்டியவர்களுக்குச் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் தவிர அதிகம் வரவில்லை. என் வீட்டுக்காரருக்காகவும் கேட்டுப் பார்த்தேன். இருபத்தைந்து வருஷக் கைத்தொழிலை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று விண்ணப்பத்தில் இடமே இல்லை. அது எனக்கு மிகவும் வலித்தது.

வேலையில்லாதோர் உதவித்தொகையைப் பற்றியும் ஒரு வரி. பத்தாவது தேறியவர்களுக்கு மாதம் 300, பன்னிரண்டாவது 400, பட்டதாரிகளுக்கு 600. பதிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000க்குள் இருக்க வேண்டும். தகுதி இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. மூன்று முறை போனதில் சேலத்து உற்பத்தித் தொழில்காரர்கள் வந்த மேஜை ஒன்றுதான் பார்த்தேன். ஊரில் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள், தறிக்காரர்கள், எங்கள் கொலுசு முதலாளிகள் எல்லோரும் ஆள் கிடைக்கவில்லை என்று சொல்கிறார்கள். தெரிந்தவர் மூலமாகத்தான் ஆள் தேடுகிறார்கள். தெரிந்தவர் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? அவர்களும் இங்கே வந்து ஒரு மேஜை போட்டு, இன்ன வேலை, இன்ன சம்பளம், பி.எஃப். உண்டு என்று எழுதி வைத்தால், இரண்டு பேருக்கும் நல்லது. இந்த ஊரில் தயாரிக்கிற கையும் இருக்கிறது, கற்றுக்கொள்ள வருகிற கையும் இருக்கிறது. எங்கள் முதலாளியிடம் இதைச் சொன்னேன். ஒரு முறை வந்து பார்க்கிறேன் என்றார். அவர் சொன்ன சொல்லை நான் விடப் போவதில்லை.

சரி, நான்கு மாதக் கணக்கு. சம்பளம் ஒரு மாதம் மட்டும் மூன்று நாள் தள்ளி வந்தது, மற்ற மாதங்களில் ஏழாம் தேதிக்குள் வங்கியில் ஏறிவிட்டது. சம்பள ரசீது கொடுக்கிறார்கள், ஒவ்வொன்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். பி.எஃப்.தான் என் மனதில் இருந்தது. முதல் மாதம் மெசேஜ் வரவில்லை. இரண்டாம் மாதமும் வரவில்லை. அவனைக் கேட்கச் சொன்னேன், கூச்சப்பட்டான். ஆதாரில் அவன் பெயரின் முன்னெழுத்து ஒரு மாதிரியும் சான்றிதழில் ஒரு மாதிரியும் இருந்ததால் கணக்கு தொடங்காமல் நின்றிருக்கிறது என்று கேட்டபோதுதான் தெரிந்தது. நீங்களும் முதலிலேயே இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். திருத்திக் கொடுத்தோம். நான்காவது மாதம் அவன் போனில் மெசேஜ் வந்தது, முதல் மாதத்திலிருந்து சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எண்ணை இரண்டு முறை படித்தார்.

வருகிற முகாமுக்குத் தையல் அக்காவின் மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறாள். நேற்று இரவு அவளோடு உட்கார்ந்து பயோடேட்டாவைத் திருத்தினோம், ஆதாரில் முன்னெழுத்தையும் பார்த்துவிட்டோம். என் கேள்வி நோட்டை அவளிடம் கொடுத்திருக்கிறேன். அதில் அவளாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறாள்: நைட் ஷிப்ட் முடிந்தால் வீடு வரை வண்டி உண்டா?